சுத்த சைவம்தான், ஆனால் காய் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். மாதத்தில் எட்டுப் பத்து நாள் மும்பையில்தான் இருப்பேன். தாதரில் லாட்ஜ், பகல் முழுக்கக் கால்பாதேவி துணி மார்க்கெட். பிறந்ததிலிருந்து சைவம். அங்கே தெருவுக்கு நாலு சைவ ஹோட்டல் இருப்பதால் சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. ஆனாலும் இரண்டு வருடத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டது. போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 என்று வந்தது. ஒவ்வொரு முறையும் மலச்சிக்கலோடுதான் ஊர் திரும்புகிறேன். சைவம் சாப்பிட்டும் ஏன் இப்படி? ஹோட்டல் சாப்பாட்டிலேயே காய்கறியும் உடம்புக்கு ஆகிற மாதிரி சாப்பிட வழி இருக்கிறதா? பார்ட்டிகள் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்கவும் முடியவில்லை. போன முறை ஒரு நாளில் சாப்பிட்டது இது. காலை: இட்லி இரண்டு, மெதுவடை ஒன்று, சாம்பார், காபி. பதினொரு மணிக்கு டீ, பிஸ்கட். மதியம்: பாவ் பாஜி, மூன்று பாவ். ஐந்து மணிக்கு வடா பாவ், டீ. இரவு: பனீர் பட்டர் மசாலா, பட்டர் நான் இரண்டு, பாதி ஜீரா ரைஸ்.
— ஈரோட்டு வாசகர்

பதில்: உங்கள் பட்டியலை எடுத்து, காய் என்று எது வந்தாலும் பேனாவால் வட்டம் போடலாம் என்று உட்கார்ந்தேன். சாம்பாரில் மிதந்திருக்கக்கூடிய ஒரு பூசணித் துண்டுக்கு ஒரு வட்டம். பாவ் பாஜிக்கு அரை வட்டம், ஏனென்றால் அதில் பெரும்பங்கு உருளைக்கிழங்கு. தக்காளி, குடமிளகாய், பட்டாணி, காலிஃபிளவர் எல்லாம் சேர்ந்து மீதி. வடா பாவ் முழுக்க உருளை. பனீர் பட்டர் மசாலாவில் தக்காளி இருக்கிறது, ஆனால் வெண்ணெயிலும் முந்திரியிலும் கரைந்து காணாமல் போய்விட்டது. தாராளமாக மதிப்பெண் போட்டாலும் அன்றைக்கு உங்கள் வயிற்றுக்குள் போன காய் 100 கிராம் தேறாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. பழத்துக்கு உங்கள் பட்டியலில் வட்டமே இல்லை.

சைவம் என்றால் கறி, மீன் இல்லை என்று அர்த்தம். காய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியும் அதைத்தான் சொல்கிறது. வெண்ணெய், மைதா, உருளை, பனீர், சர்க்கரை எல்லாமே சுத்த சைவம். மும்பையில் சைவ ஹோட்டலைத் தேட வேண்டியதில்லை. ஹோட்டலுக்குள் போனபிறகு காயைத்தான் தேட வேண்டும்.

உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அங்கே ஏமாந்தவள்தான். பல வருடங்களுக்கு முன் பயிற்சிக்காக இரண்டு மாதம் பரேலில் தங்கியிருந்தேன். அறைக்குக் கீழே ஒரு சைவ ஹோட்டல். முதல் நாள் வெஜ் கோலாப்புரி, மறுநாள் வெஜ் ஹண்டி, அதற்கடுத்த நாள் வெஜ் ஜெய்ப்புரி. தினமும் வேறு வேறு காய் சாப்பிடுகிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. ஜெய்ப்புரி வந்த அன்றுதான் உறைத்தது: மேலே தூவியிருந்த அப்பளத்தை விலக்கினால், அதே சதுரக் கேரட், அதே பீன்ஸ், அதே பட்டாணி. பரிமாறுகிறவரிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே சமையலறை வாசலுக்குக் கூட்டிப் போனார். அடுப்புக்குப் பக்கத்தில் நான்கு பெரிய பாத்திரங்கள். ஒன்றில் முந்திரி அரைத்த வெள்ளை கிரேவி, ஒன்றில் தக்காளிச் சிவப்பு, ஒன்றில் வெங்காயம் வதக்கிய பழுப்பு, ஒன்றில் பாலக் பச்சை. ஓரத்தில் ஒரே ஒரு தட்டில் வேகவைத்து நறுக்கிய காய்க் கலவை. ஆர்டர் வந்ததும் ஒரு கரண்டி காய், இரண்டு கரண்டி கிரேவி, மேலே எண்ணெய், வெண்ணெய் அல்லது க்ரீம். மெனுவில் நாற்பது பெயர், உள்ளே நான்கு பாத்திரம். மும்பை என்றில்லை, வடஇந்திய உணவு விற்கும் ஓட்டல்களில் பெரும்பாலும் இப்படித்தான். அவசரத்துக்கு அவர்களுக்கும் வேறு வழி இல்லை.

அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு நான் சொல்கிற முதல் விதி: ஊர்ப் பெயரோ பாத்திரப் பெயரோ வைத்த டிஷ்ஷை விட்டுவிட்டு, காயின் பெயர் வைத்ததைக் கேளுங்கள். பைங்கன் பர்த்தா என்றால் சுட்ட கத்தரிக்காய் மசியல். நம் கொங்குப் பக்கக் கத்தரிக்காய்க் கடையலுக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி. மேத்தி (வெந்தயக்கீரை), லௌகி (சுரைக்காய்), கரேலா (பாகற்காய்), டிண்டா (உருண்டைச் சுரை மாதிரி ஒரு காய்) என்று எது இருந்தாலும் சரி. வெண்ணெய் போட்ட உளுந்துப் பருப்பான டால் மக்கனிக்குப் பதில் டால் பாலக் கேட்டால் பருப்போடு கீரையும் வந்துவிடும். அதற்கு அடுத்து கொஞ்சம் எச்சரிக்கை. பிண்டி மசாலாவுக்கு வெண்டைக்காயையும், ஆலு கோபிக்குக் காலிஃபிளவரையும் பல இடங்களில் முதலில் எண்ணெயில் பொரித்து வைத்திருப்பார்கள். கறுத்து, ஓரம் முறுகலாக வந்தால் பொரித்தது என்று தெரிந்துகொள்ளலாம். "ஃப்ரை கர்கே மத் பனாவ், தேல் கம்" (பொரிக்க வேண்டாம், எண்ணெய் குறைவாக) என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வந்தபிறகு சொல்லிப் பயனில்லை.

கிண்ணம் மேசைக்கு வந்ததும் ஒரு சின்ன வேலை. கிண்ணத்தின் அடியில் ஒரு பக்கமாக ஸ்பூனை முட்டுக்கொடுத்துச் சாய்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். எண்ணெய் பள்ளத்துக்கு ஓடி வந்து நிற்கும். மேட்டுப் பக்கத்திலிருந்து காயை மட்டும் அள்ளி எடுங்கள், கிரேவியை ரொட்டியால் வழித்துத் துடைக்க வேண்டாம். எதிரே இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நானுக்குப் பதில் தந்தூரி ரொட்டி, வெண்ணெய் தடவாமல். மைதாவைவிடக் கோதுமை மேல் என்பதற்காகத்தான் சொல்கிறேன், அதற்காக நாலு ரொட்டி ஆகாது. இரண்டு ரொட்டி சாப்பிட்டால் ஜீரா ரைஸ் வேண்டாம். சைனீஸ் பக்கம் போனால் மஞ்சூரியனைத் தொடாதீர்கள். முட்டைக்கோஸை மைதா, மக்காச்சோள மாவில் உருட்டிப் பொரித்தது அது. எண்ணெய் குறைவாக வதக்கிய காய் கேட்டால் அதே சமையலறையில் நல்ல தட்டு ஒன்று கிடைக்கும்.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். நாம் பஜ்ஜி என்பதைப் போலவே காதில் விழும் "பாஜி" அங்கே காய்கறி. "ஆஜ் பாஜி கோன்ஸா ஹை?" என்று கேட்டால் இன்றைக்கு என்ன காய் என்று பொருள். நான் காந்தா பஜ்ஜி என்று கேட்கப் போய், காய்தானே என்று நினைத்து ஒரு தட்டு வெங்காயப் பக்கோடா வாங்கியிருக்கிறேன். முழுசாகச் சாப்பிட்டும் விட்டேன் என்பது வேறு விஷயம்.

இனி மதியம். உங்களுக்கு உண்மையான வாய்ப்பு மதியத்தில்தான் இருக்கிறது. ராத்திரி மெனு கிரேவி பாத்திரத்திலிருந்து வருகிறது, மதியச் சாப்பாடு அன்றைக்குக் காலையில் மார்க்கெட்டில் கிடைத்த காயிலிருந்து வருகிறது. இதைப் பாவ் பாஜியில் வீணாக்கிவிட்டீர்கள். மும்பைத் துணி ஆலைத் தொழிலாளர்களுக்காக வந்த சாப்பாடு பாவ் பாஜி என்பார்கள். ராத்திரி ஷிஃப்ட் நின்று வேலை செய்தவர்களுக்கு அது சரி, கடையில் உட்கார்ந்து விலை பேசுகிற நமக்கு அல்ல.

உடுப்பி ஹோட்டல்களில் மதியம் "ரைஸ் பிளேட்" என்று ஒன்று இருக்கும். இரண்டு காய், பருப்பு, சப்பாத்தி, கொஞ்சம் சோறு, மோர் அல்லது தயிர். இரண்டு காயில் ஒன்று உலர் பொரியல் மாதிரி, ஒன்று சாறு விட்ட குழம்பு மாதிரி. "சூக்கி பாஜி ஔர் தோ" என்று கூடுதலாக ஒரு கிண்ணம் காய் வாங்கிக்கொண்டு, சோற்றைப் பாதியாகக் குறைத்தால் உங்கள் மதியம் பாஸ்.

தாதரில் தங்குகிறீர்கள். மத்திய ரயில்வேயில் அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. தமிழர் பல தலைமுறையாக வாழும் இடம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டட மாடியில் 1942-இலிருந்து நடக்கும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங்கில் வாழை இலை போட்டுச் சாப்பாடு. நம் ஆட்கள் அங்கே போனால் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று சோறு வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் சோற்றை ஒரே முறையோடு நிறுத்திவிட்டு, காயை இரண்டாம் முறை கேளுங்கள். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றில் கை வையுங்கள். நார்ச்சத்து முதலில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குப்பின் சர்க்கரை ஏறுவது நிதானமாகிறது. உங்கள் 6.1-க்கு இது முக்கியம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இப்போது திருத்தினால் திரும்பி வரக்கூடிய தூரம்தான்.

பகலில் கால்பாதேவியை விட்டு நகர முடியாத நாட்களுக்குக் குஜராத்தி தாலி. 1945-இலிருந்து அங்கேயே இருக்கும் ஸ்ரீ தாக்கர் போஜனாலயா உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தாலியைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. காய் வகைக்கு இதைவிட நல்ல தட்டு மும்பையில் கிடைப்பது கஷ்டம். மூன்று நான்கு ஷாக், அதாவது காய், அதோடு கடோல் என்ற பயறு வகை, பச்சடி, மோர். அதே தட்டில் நெய் தடவிய ரொட்டி, ஃபர்சான் என்ற பொரித்த தின்பண்டம், வெல்லம் போட்ட பருப்பு, கடி என்ற இனிப்பு மோர்க்குழம்பு, அப்புறம் ஜிலேபியோ ஸ்ரீகண்டோ. எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. உட்கார்ந்ததும் ரொட்டிக்காரரிடம் "கீ நஹி", நெய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு ஷாக்கை வாங்காமல் மற்ற இரண்டை மறுமுறை வாங்குங்கள். கடோல் ஒரு கிண்ணம் கட்டாயம். ஃபர்சான் ஒன்று. இனிப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். அங்கே பரிமாறுகிறவர்களின் காதில் "போதும்" என்ற சொல் ஏறாது, தட்டின்மேல் குறுக்கே வைத்த கைதான் ஏறும். டிசம்பர், ஜனவரியில் போனால் உந்தியு கிடைக்கும். அவரை, சின்னக் கத்தரி, வாழைக்காய், கருணைபோன்ற கிழங்கு எல்லாம் போட்ட குளிர்காலக் கூட்டு. எண்ணெய் அதிகம்தான், ஆனாலும் வருடத்துக்கு இரண்டு முறை சாப்பிடலாம் என்று நான் அனுமதி தருகிறேன். ருசி அப்படி.

நீங்கள் இதுவரை எட்டிப் பார்க்காதது மராட்டிச் சாப்பாடு என்று உங்கள் பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. தாதரில் தங்கிக்கொண்டு அதைச் சாப்பிடாமல் இருப்பது ஈரோட்டில் இருந்துகொண்டு கொள்ளுப் பருப்பு சாப்பிடாமல் இருப்பது மாதிரி. ஜ்வாரி பாக்ரி என்றால் சோள ரொட்டி, நம் தாத்தாக்கள் சோளச்சோறு தின்ற அதே சோளம். பாஜ்ரி கம்பு, நாச்னி ராகி. தொட்டுக்கொள்ள "பர்லி வாங்கி" என்ற கறி, அதாவது வேர்க்கடலை அரைத்து அடைத்த குட்டிக் கத்தரிக்காய். பாலேபாஜி என்று கேட்டால் அன்றைய கீரை. மட்கி உசள், முளைகட்டிய நரிப்பயறு. கோஷிம்பீர், வெள்ளரியோ கேரட்டோ போட்ட பச்சடி. ஒரு பாக்ரி, ஒரு கீரை, ஒரு உசள், ஒரு கோஷிம்பீர், குடிக்க ஒரு தாக், அதாவது மோர். உங்கள் மூன்று பிரச்சினைக்கும் என்னிடம் மருந்துச் சீட்டு கேட்டால் இந்தத் தட்டைத்தான் எழுதுவேன். பாக்ரி பெரிதாக இருக்கும், சிறுதானியம்தானே என்று மூன்று சாப்பிட்டால் சர்க்கரை சும்மா இருக்காது. மிசள் என்ற காரமான முளைப்பயறுக் குழம்பு கேட்டால் ஃபர்சானைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள், மேலே கொட்டிவிட்டால் முளைப்பயறு அடியில் போய்விடும்.

ஜெயின் மெனுவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மண்ணுக்கு அடியில் விளைவது இல்லை என்பதால் உருளை போய், பாவ் பாஜியிலேயே வாழைக்காய் வரும். வெண்ணெய் அதே வெண்ணெய்தான். அதனால் லாபம் பாதி.

காலையில் பெரிதாக மாற்ற வேண்டாம், வடையை மட்டும் விட்டுவிடுங்கள். ஐந்து மணிதான் அடுத்த ஆபத்து. வடா பாவ் பிறந்ததே 1966-இல் தாதர் ஸ்டேஷன் வாசலில் என்பார்கள். அந்த வாசலைத் தினமும் தாண்டி நடக்கிற உங்களிடம் அதைச் சாப்பிடவே சாப்பிடாதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரி இல்லை. ஒரு பயணத்துக்கு ஒன்று. மற்ற நாட்களில் கொய்யா வாங்குங்கள், அங்கே அதற்குப் பெயர் பேரு. வறுத்த கடலை, வேகவைத்த வேர்க்கடலை, சேவ் குறைத்த சூக்கா பேல் (உலர் பொரிக் கலவை) எல்லாம் சரி. ஜூஸ் வேண்டாம், நான்கு பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் போய்விடும், நார் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும்.

அப்புறம், தாதர் காய்கறிச் சந்தை உங்கள் லாட்ஜுக்கு நடக்கிற தூரம்தான். இரண்டு வெள்ளரி, ஒரு கேரட், ஒரு தக்காளி வாங்கி, குடிக்கிற தண்ணீரில் கழுவி, இரவு சாப்பிடப் போகுமுன் அறையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கணக்கில் 250 கிராம் ஏறிவிடும், பசியும் தணிந்து போவதால் நானுக்குக் கை நீளாது. ஹோட்டலில் கிரீன் சாலட் வாங்குவதைவிட இது நம்பகமானது. வெட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் வெளியே வெட்டி வைத்த பழமும் பச்சைக் காயும் வேண்டவே வேண்டாம், வெந்ததை மட்டும் சாப்பிடுங்கள்.

மலச்சிக்கலுக்குக் காய் பாதிக் காரணம். மீதிப் பாதியை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்: மார்க்கெட்டில் பாத்ரூம் போக வசதி இல்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள், தொண்டைக்கு டீ மட்டும். துணி மார்க்கெட்டுக்குப் போய்வருகிற எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன கதை இது. காலையில் அறையை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் குடியுங்கள், மதியம் ஹோட்டலில் உட்காரும்போது இரண்டு டம்ளர். எந்தெந்தப் பார்ட்டி கடையில் சுத்தமான பாத்ரூம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கடைகளை நாளின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் கஷ்டம் இன்னும் அதிகமாகும். மூன்று வாரத்துக்குமேல் இப்படியே இருந்தாலோ, ரத்தம் கண்டாலோ எனக்கு எழுதாமல் டாக்டரைப் பாருங்கள். ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள், அதற்கு முன்னால் எடுத்துப் பயனில்லை.

கடைசியாக, பார்ட்டி கூப்பிடும் சாப்பாடு. சேட்டு உங்களுக்கும் சேர்த்து அவரே ஆர்டர் கொடுத்துவிடுகிறார், நடுவில் பேச முடிவதில்லை, இல்லையா? மறுக்காதீர்கள், முந்திக்கொள்ளுங்கள். "இன்னிக்கு நான் ஆர்டர் சொல்றேன், உங்க ஊர் காய் எதுவும் எனக்குத் தெரியாது, நல்லதா ரெண்டு சொல்லுங்க" என்று அவர் பாஷையில் கேட்டுப் பாருங்கள். தன் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி விருந்தாளி கேட்டால் மகிழாத சேட்டை நான் பார்த்ததில்லை. தானாகவே ஷாக், கடோல் என்று இறங்கிவிடுவார், பனீர் மறந்துவிடும். இனிப்பு வரும்போது சர்க்கரை இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மேசையில் இன்னும் இரண்டு பேர் "எனக்கும்தான்" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார்கள் பாருங்கள். மே மாதம் ஆம்ரஸ், அதாவது மாம்பழக் கூழ், வந்தால் மட்டும் இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கு ரொட்டியில் ஒன்றைக் குறைத்து.